கைக்குட்டையில் காய்ந்த 20 நிமிடங்கள்

என் மகளுக்கு அப்போது 11 வயது. பூங்காவில் சைக்கிள் ஓட்டிக்கொண்டிருந்தவள், வளைவில் சக்கரம் சறுக்கி, நடைபாதையின் சிமென்ட் விளிம்பில் முகம் மோத விழுந்தாள். நான் ஓடிப்போய்த் தூக்கியபோது வாயெல்லாம் ரத்தம். "அம்மா, பல்லு... பல்லு..." என்று இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். கையை விலக்கிப் பார்த்தேன். மேல்வரிசை முன்பல் இரண்டில் ஒன்று இருந்த இடத்தில் சிவப்பாக ஒரு குழி.

பல் உடைந்துவிட்டது என்றுதான் முதலில் நினைத்தேன். மண்ணில் தேடிக் கண்டெடுத்தபோதுதான் தெரிந்தது, முழுப்பல்லும் வேரோடு வந்துவிட்டது. வாய்க்குள் நாம் பார்க்கிற பகுதியைவிட வேர் நீளம். ஒரு முன்பல் இவ்வளவு பெரிதா என்று கையில் வைத்து ஒரு கணம் அப்படியே நின்றேன்.

அடுத்து நான் செய்ததை எழுதும்போது இன்றும் மனம் கனக்கிறது. கைக்குட்டையை எடுத்து, பல்லில் ஒட்டியிருந்த மண்ணை நன்றாகத் துடைத்தேன். வேரின் மேல் மெல்லிய சவ்வு போல ஏதோ ஒட்டிக்கொண்டிருந்தது. அழுக்கு என்று நினைத்து அதையும் அழுத்தித் துடைத்தேன். பிறகு அதே கைக்குட்டையில் சுற்றிப் பைக்குள் வைத்தேன். தொலைந்துவிடக் கூடாது என்ற கவலை மட்டும்தான் எனக்கு. கையில் இருப்பது உயிருள்ள ஒன்று என்பது தெரியாது.

பல் மருத்துவமனை ஒன்றுக்குப் போன் செய்தேன். "கீழ விழுந்து பொண்ணுக்குப் பல் உடைஞ்சிடுச்சு" என்றேன். எதிர்முனையில் இருந்தவர் நிதானமாக, "நாளைக்குக் காலையில பதினோரு மணிக்கு வாங்க" என்றார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. உடைந்த பல் பெரும்பாலும் ஒருநாள் காத்திருக்கும். நான் சொன்ன சொல்தான் தவறு. இரண்டாவதாக அழைத்த இடத்தில் போனை எடுத்தவர் கூடுதலாக ஒரு கேள்வி கேட்டார்: "உடைஞ்ச துண்டா, இல்ல வேரோட முழுசா வந்துடுச்சா?" முழுசாக என்றதும் அவர் குரலே மாறிவிட்டது. "பல் இப்ப எங்க இருக்கு? கைக்குட்டையிலயா? உடனே பால்ல போடுங்கம்மா. காய விடாதீங்க. நேரா கிளம்பி வாங்க, டாக்டர்கிட்ட சொல்லி வைக்கிறேன்."

பக்கத்தில் கைக்குழந்தையோடு உட்கார்ந்திருந்த ஒரு பெண், நான் போனில் பேசுவதைக் கேட்டுக்கொண்டே இருந்தார். கேட்காமலே தன் பையிலிருந்து ஆறிய பால் இருந்த பாட்டிலைத் திறந்து, மூடியில் ஊற்றி நீட்டினார். அவர் யாரென்று இன்றுவரை தெரியாது. பல் பாலுக்குள் போனபோது, அது விழுந்து ஏறக்குறைய 20 நிமிடம் ஆகியிருந்தது.

மருத்துவமனையில் டாக்டர் முதலில் பல்லைப் பார்க்கவில்லை. மயக்கம் வந்ததா, வாந்தி எடுத்தாளா, விழுந்தது நினைவிருக்கிறதா என்று மகளிடமே கேட்டார். கண்களில் வெளிச்சம் அடித்துப் பார்த்தார், தாடையை அசைக்கச் சொன்னார். தலையில் அடி இல்லை என்று உறுதியான பிறகுதான் பல்லுக்கு வந்தார். நானோ அந்த அரை மணி நேரத்தில் பல்லைத் தவிர வேறெதையும் நினைக்கவே இல்லை. நினைவு தப்பியிருந்தாலோ, திரும்பத் திரும்ப வாந்தி வந்தாலோ, பேச்சு குழறினாலோ பல்லை எப்படியாவது ஈரமாக வைத்துக்கொண்டு அவசர சிகிச்சைப் பிரிவுக்குத்தான் முதலில் போக வேண்டும்.

எக்ஸ்ரே எடுத்து, பல் இருந்த குழியின் எலும்பு முறியவில்லை என்று பார்த்தார்கள். மரத்துப்போக ஊசி போட்டு, குழியை உப்புநீர்க் கரைசலால் கழுவி, விரலால் மெல்ல அழுத்திப் பல்லை உள்ளே இறக்கினார் டாக்டர். மெல்லிய வளையும் கம்பி ஒன்றைப் பக்கத்துப் பற்களோடு சேர்த்து ஒட்டினார். விறைப்பான கம்பி கூடாதாம். மெல்லும்போது பல்லுக்கு இம்மியளவு அசைவு இருந்தால்தான் நார்கள் சரியாகக் கூடும். டெட்டனஸ் ஊசி எப்போது போட்டது என்று விசாரித்தார், ஆன்டிபயாடிக் எழுதிக் கொடுத்தார். எல்லாம் முடிந்து கையைக் கழுவிக்கொண்டே கேட்டார்: "வேரைத் துடைச்சீங்களா?"

ஆமாம் என்றேன். அவர் கோபப்படவில்லை. ஒரு தாளை எடுத்துப் படம் போட்டுக் காட்டினார்.

பல் எலும்பில் ஆணி அடித்தது போல இறுகி நிற்பதில்லை. வேருக்கும் எலும்புக்கும் நடுவே மில்லிமீட்டரில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கே உள்ள மெல்லிய இடைவெளி. அதில் ஆயிரக்கணக்கான நார்கள் பல்லை ஊஞ்சல் போலத் தாங்கிப் பிடித்திருக்கின்றன. அடிபட்டுப் பல் கழன்று வரும்போது இந்த நார்ப்படலம் கிழிகிறது. ஒரு பங்கு குழியோடு நின்றுவிடுகிறது, ஒரு பங்கு வேரோடு வந்துவிடுகிறது. வேரோடு வந்த அந்தச் சவ்வில் இருக்கும் செல்கள் உயிரோடு இருந்தால், பல்லைத் திரும்ப வைத்ததும் இரண்டு பக்கமும் கூடிவிடும். நான் கைக்குட்டையால் துடைத்தெடுத்தது அந்தச் சவ்வைத்தான்.

காற்றில் கிடக்கும் ஒவ்வொரு நிமிடமும் அந்தச் செல்கள் செத்துக்கொண்டே வருகின்றன. 60 நிமிடம் வறண்டு கிடந்தால் பிழைக்கும் செல் இல்லை என்றே மருத்துவர்கள் கணக்கில் வைக்கிறார்கள். பல் விழுந்தவுடன் அங்கேயே, அப்போதே திரும்பக் குழியில் வைத்துவிட்டால் பிழைக்கும் வாய்ப்பு மிக அதிகம். அப்படியென்றால் பல்லின் தலையெழுத்து பெரும்பாலும் டாக்டரின் நாற்காலிக்குப் போகும் முன்பே, பக்கத்தில் நிற்பவர் கையில் எழுதப்பட்டுவிடுகிறது. அன்று நின்றது நான்.

"பால்ல போடாம தண்ணியில போட்டிருந்தா?" என்று கேட்டேன். தண்ணீர் ரொம்ப மோசமான தேர்வு என்றார். செல்லுக்குள் இருக்கும் உப்புச்செறிவு வெளியே இருக்கும் வெறும் தண்ணீரில் இல்லை. தண்ணீர் உள்ளே புகுந்து செல் ஊதி வெடித்துவிடும். பாலின் செறிவும் அமில-காரத் தன்மையும் உடல் திரவத்துக்கு நெருக்கமானவை. பால் பல்லுக்கு மருந்தல்ல, செல்கள் சாகாமல் கொஞ்ச நேரம் தாக்குப்பிடிக்க ஒரு தங்குமிடம் மட்டுமே. ஆனாலும் எதுவுமே கிடைக்காவிட்டால், வறண்டு கிடப்பதற்குத் தண்ணீர் மேல்.

அந்த வாரம் தூக்கம் வராமல் நிறையப் படித்தேன். பல் காயங்களுக்கான சர்வதேசச் சங்கமான ஐஏடிடி 2020இல் வெளியிட்ட வழிகாட்டுதலில், பல்லை வைக்கப் பாலைத்தான் முதலில் சொல்கிறார்கள். அடுத்து ஹேங்க்ஸ் கரைசல் என்ற ஆய்வகத் திரவம், அடிபட்டவரின் எச்சில், உப்புநீர்க் கரைசல். எச்சில் என்றால் ஒரு குவளையில் துப்பச் சொல்லி அதில் பல்லைப் போடுவது. வாய்க்குள்ளேயே கன்னத்தில் ஒதுக்கி வைத்துக்கொள்ளலாம் என்று சிலர் சொல்வார்கள். சின்னப் பிள்ளைகளுக்கு அது வேண்டாம், பதற்றத்தில் விழுங்கிவிடுவார்கள். பால் இல்லாத இடத்தில், வயிற்றுப்போக்குக்குக் கொடுக்கிற ஓஆர்எஸ் கரைசலும், உணவை மூடும் மெல்லிய பிளாஸ்டிக் தாளில் காற்றுப் புகாமல் இறுகச் சுற்றி வைப்பதும் உதவும். இவையெல்லாம் பல்லை உடனே திரும்ப வைக்க முடியாதபோதுதான்.

"நீங்களே அங்கேயே வச்சிருக்கலாம்மா" என்று டாக்டர் சொன்னபோது எனக்கு நம்பிக்கை வரவில்லை. ஒரு தாய் தன் பிள்ளையின் ரத்தம் வழியும் வாய்க்குள் பல்லைச் செருகுவதா? இரண்டு வருடம் கழித்து அதையும் செய்தேன்.

என் தம்பிக்கு 26 வயது. கூடைப்பந்து ஆட்டத்தில் எதிரணிக்காரரின் முழங்கை வாயில் பட்டு, முன்பல் தரையில் விழுந்து உருண்டது. நான் பார்வையாளர் வரிசையில் இருந்தேன். இந்தமுறை என் கை நடுங்கியது, மனம் நடுங்கவில்லை. பல்லை அதன் வெள்ளைப் பகுதியில் மட்டும் பிடித்து எடுத்தேன், வேரில் விரல் படவில்லை. லேசாகத் தூசி ஒட்டியிருந்தது. "டேய், இதுல துப்பு" என்று அவனுடைய எச்சிலாலேயே வேரை நனைத்து அலசினேன். தேய்க்கவில்லை, சுரண்டவில்லை. சோப்பு, கிருமிநாசினி எதுவும் அதன் பக்கத்தில் போகக் கூடாது.

எந்தப் பக்கம் முன்னால் வர வேண்டும் என்பதில்தான் கொஞ்சம் தடுமாறினேன். பக்கத்தில் இருந்த அதன் ஜோடிப் பல் வழிகாட்டியது. முன்பல்லின் வெளிப்பக்கம் வழவழப்பாக லேசாகப் புடைத்திருக்கும், நாக்குப் பக்கம் கரண்டி போலக் குழிந்திருக்கும். "வாயைத் திறடா. வலிக்கும், பொறுத்துக்கோ" என்று சொல்லிவிட்டு, வேர் நுனியைக் குழியில் வைத்து மெல்ல, நிதானமாக அழுத்தினேன். நான் பயந்த அளவுக்குத் தடை இல்லை. மெதுவாக வழுக்கிக்கொண்டு இறங்கிப் பக்கத்துப் பல்லின் மட்டத்துக்கு வந்து நின்றது. "அக்கா, போதும், போதும்" என்று முனகினான், அவ்வளவுதான். மடித்த சுத்தமான துணியைக் கடிக்கச் சொல்லி அப்படியே மருத்துவமனைக்கு அழைத்துப்போனேன். பல் விழுந்ததிலிருந்து உள்ளே போனதுவரை ஐந்து நிமிடத்துக்குள்தான் இருக்கும்.

உள்ளே போக மறுத்தால் முரட்டுத்தனமாக அழுத்தக் கூடாது. குழியின் எலும்பு முறிந்திருக்கலாம், ரத்தக்கட்டி அடைத்திருக்கலாம். அப்போது பாலில் போட்டுவிட்டுக் கிளம்ப வேண்டியதுதான். கொஞ்சம் கோணலாகப் போய்விட்டதே என்று வெளியே பிடுங்கி மறுபடி வைக்கவும் வேண்டாம். முதல் 48 மணி நேரம் வரை டாக்டரால் அதைச் சரிசெய்ய முடியும். குழந்தை திமிறி அழுதால் பிடித்து அமுக்கி வைக்க முயல வேண்டாம்; அதற்கும் பால்தான் வழி. இதய வால்வுக் கோளாறு போன்ற தீவிர நோய் உள்ளவர்கள், நோய் எதிர்ப்புச் சக்தி மிகவும் குறைந்தவர்கள் விஷயத்தில் பல்லைத் திரும்ப வைப்பதா என்பதை டாக்டர்தான் முடிவு செய்ய வேண்டும்.

இத்தனையும் நிரந்தரப் பல்லுக்கு. பால்பல்லைத் திரும்ப வைக்கவே கூடாது. இதை அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. நான் தம்பிக்குச் செய்ததைக் கேள்விப்பட்ட உறவுக்காரப் பெண் ஒருவர், தன் நான்கு வயது மகன் கட்டிலிலிருந்து விழுந்தபோது எனக்குப் போன் செய்தார். "அக்கா, பல் கையில இருக்கு, உள்ள வச்சுடவா?" வேண்டாம், வேண்டாம் என்று கத்தியே விட்டேன். பால்பல்லின் வேருக்குப் பக்கத்திலேயே நிரந்தரப் பல் எலும்புக்குள் உருவாகிக்கொண்டிருக்கிறது. பால்பல்லை அழுத்தி உள்ளே தள்ளினால் அந்த முளையைக் காயப்படுத்திவிடலாம். நிரந்தரப் பற்களில் கீழ் நடு முன்பற்கள் பொதுவாக 6, 7 வயதிலும், மேல் நடு முன்பற்கள் 7, 8 வயதிலும் முளைக்கின்றன. அதற்கு முன்பு விழுந்த முன்பல் என்றால் பால்பல் என்று எடுத்துக்கொள்ளலாம். சந்தேகம் இருந்தால் பல்லைப் பாலில் போட்டுக் கையோடு எடுத்துப்போங்கள். பால்பல்லே என்றாலும் டாக்டரிடம் காட்டத்தான் வேண்டும்.

அந்தப் பையனுக்கு இன்னொரு பல்லையும் காணோம் என்றார் அவர். தரையில் எங்கும் இல்லை. டாக்டர் எக்ஸ்ரே எடுத்ததில், அந்தப் பல் விழவே இல்லை, ஈறுக்குள் மேலே குத்திக்கொண்டு ஏறியிருந்தது. காணாமல் போன பல் அப்படியும் இருக்கலாம், உதட்டுச் சதைக்குள் புதைந்திருக்கலாம், விழுங்கியிருக்கலாம். மூச்சுக்குழாய்க்குள் போயிருந்தால்தான் ஆபத்து. பல் கிடைக்காமல், விடாத இருமலோ மூச்சுத் திணறலோ இருந்தால் ஒரு நிமிடமும் தாமதிக்கக் கூடாது.

மகளின் கதைக்குத் திரும்புகிறேன், ஏனென்றால் அது கம்பி கழற்றியதோடு முடியவில்லை. இரண்டு வாரம் மென்மையான உணவு, மிருதுவான பிரஷ், டாக்டர் கொடுத்த குளோர்ஹெக்சிடின் மருந்தால் காலையும் இரவும் வாய் கொப்பளிப்பு. ஒன்பதாம் நாள் ரூட் கெனால், அதாவது பல்லுக்குள் இருக்கும் நரம்புச் சதையை எடுத்துவிட்டு அடைக்கும் சிகிச்சை, தொடங்கினார்கள். "பல் உறுதியா நின்னுடுச்சே, இதுக்கு எதுக்கு ரூட் கெனால்?" என்று என் கணவர் கேட்டார். நியாயமான கேள்விதான். வேர் முழுதாக வளர்ந்து நுனி மூடிவிட்ட பல்லில், அறுந்துபோன நரம்பும் ரத்தக்குழாயும் மறுபடி கூடுவதில்லை. உள்ளே செத்துப்போன சதையைக் கிருமிகள் பிடித்துக்கொண்டால், வேர் வேகமாகக் கரையத் தொடங்கிவிடும். அதனால்தான் இரண்டு வாரத்துக்குள் தொடங்கிவிட வேண்டும் என்கிறார்கள். 7, 8 வயதுப் பிள்ளைகளுக்கு வேர் நுனி இன்னும் திறந்திருக்கும். அங்கே ரத்த ஓட்டம் தானாகத் திரும்பக்கூடும் என்பதால் டாக்டர்கள் உடனே ரூட் கெனால் செய்யாமல் கவனித்துக்கொண்டு காத்திருப்பார்கள்.

பிறகு பரிசோதனைகள்: நான்காவது வாரம், மூன்றாம் மாதம், ஆறாம் மாதம், ஓராண்டு. அதன்பின் ஆண்டுதோறும், குறைந்தது ஐந்து ஆண்டுகளுக்கு. ஒருமுறைகூடத் தவறவிடவில்லை. ஓராண்டுப் பரிசோதனையில் டாக்டர் கண்ணாடிக் கருவியின் பிடியால் முன்பற்களை ஒவ்வொன்றாகத் தட்டினார். மற்றவை மந்தமாக ஒலித்தன. அந்த ஒரு பல் மட்டும் "டங்" என்று உலோகம் போலக் கேட்டது. டாக்டர் ஒன்றும் பேசாமல் மறுபடி தட்டிப் பார்த்தார். எனக்குப் புரிந்துவிட்டது, அவர் சொல்லும் முன்பே.

நான் துடைத்தெடுத்த இடங்களில், காய்ந்துபோன இடங்களில் நார் திரும்ப வளரவில்லை. எலும்பே நேராக வேரோடு ஒட்டிக்கொண்டுவிட்டது. ஊஞ்சல் போய்ச் சுவரில் பதித்த கல் போல ஆகிவிட்டது. எலும்பு எப்போதும் தன்னைத் தானே கரைத்துக் கட்டிக்கொண்டே இருக்கும் திசு. வேரையும் தன்னுடைய ஒரு பகுதியாக நினைத்து மெல்ல மெல்லக் கரைத்து, அந்த இடத்தில் எலும்பை வைக்கிறது. வலியில்லை, வீக்கமில்லை. வளர்ந்து முடித்த பெரியவர்களுக்கு இப்படி ஆன பல் பல வருடம் சிக்கலின்றி நிற்கக்கூடும். வளரும் பிள்ளைக்கு அப்படியில்லை. தாடை வளர, மற்றப் பற்கள் அதோடு சேர்ந்து இறங்கி வருகின்றன. ஒட்டிய பல் இருந்த இடத்திலேயே நின்றுவிடுகிறது. மகளுக்கு இப்போது 14 வயது. அந்தப் பல் பக்கத்துப் பல்லைவிடக் கொஞ்சம் குட்டையாகத் தெரிகிறது. புகைப்படம் எடுக்கும்போது உதட்டை மூடிக்கொள்கிறாள்.

"அப்படின்னா வச்சதே வீண்தானா டாக்டர்?" என்று அன்று அழுதுவிட்டேன். இல்லை என்றார் அவர், தேற்றுவதற்காகச் சொல்லவில்லை. பல் இடத்தில் இருந்ததால்தான் அங்கே எலும்பின் அகலமும் உயரமும் இத்தனை காலம் நின்றன. அன்றே தூக்கி எறிந்திருந்தால் எலும்பு சுருங்கியிருக்கும், பிற்காலத்தில் இம்ப்ளாண்ட், அதாவது எலும்பில் பதிக்கும் செயற்கைப் பல், வைப்பது கடினமாகியிருக்கும். ஒரு மணி நேரத்துக்கு மேல் காய்ந்துபோன பல்லைக்கூட டாக்டர்கள் பெரும்பாலும் திரும்ப வைப்பது இதனால்தான். "ரொம்ப நேரம் ஆயிடுச்சு, இனி என்ன" என்று யாரும் பல்லை எறிந்துவிட வேண்டாம்.

தம்பியின் பல்லுக்கு இப்போது 18 மாதம் ஆகிறது. அவனுக்கும் இரண்டு வாரக் கம்பி, ரூட் கெனால் எல்லாம் நடந்தன. தட்டினால் மற்றப் பற்களைப் போலவே மந்தமாகத்தான் ஒலிக்கிறது. எக்ஸ்ரேயில் வேரைச் சுற்றி அந்த மெல்லிய கருங்கோடு, நார் இருக்கும் இடைவெளி, முழுசாகத் தெரிகிறது. டாக்டர் அச்சு எடுத்துச் செய்துகொடுத்த பல் காப்பு இல்லாமல் அவன் இப்போது மைதானத்தில் இறங்குவதில்லை. மகளும் சைக்கிள் பந்தயம் என்றால் தானே எடுத்து மாட்டிக்கொள்கிறாள்.

அவளுக்கு அடுத்து என்ன என்பதும் பேசியாகிவிட்டது. பல் ஒரு மில்லிமீட்டருக்கு மேல் பின்தங்கிவிட்டால், வெளியே தெரியும் தலைப்பகுதியை மட்டும் வெட்டியெடுத்துவிட்டு வேரை எலும்புக்குள்ளேயே விட்டுவிடுவார்களாம். அது கரைந்து எலும்பாகும், மேலே புது எலும்பும் வளரும். வளர்ச்சி முடியும்வரை தற்காலிகப் பல், பிறகு இம்ப்ளாண்ட். ஆறு மாதத்துக்கு ஒருமுறை அளவெடுக்கிறார்கள். அளவுகோலை வைக்கும்போது அவள் என் விரலை இறுகப் பிடித்துக்கொள்வாள். டாக்டர் அட்டையில் எழுதும் எண்ணை இரண்டு பேரும் எட்டிப் பார்ப்போம். போன தடவை 0.7.